அவர் என்ன டொக்டர்

கண்டிக்குப் போகும் காலை ரயில் வட்டகொடை ஸ்டேஷனை விட்டு நகர்ந்த பிறகுதான் தனுஜா விஷயத்தை முழுதாகச் சொன்னாள். அதுவரைக்கும் "ஒரு டொக்டரப் பாக்கணும், துணைக்கு வாக்கா" என்பதோடு நிறுத்தியிருந்தாள். நாகலெட்சுமியும் ஏதோ மாதக் கோளாறாக இருக்கும் என்று எண்ணி, தேயிலைத் தோட்டத்துக் கங்காணியிடம் ஒரு நாள் வர முடியாது என்று சொல்லிவிட்டு, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பி வந்திருந்தாள்.

"காலுல இருக்க கொழுப்ப எடுக்கப் போறேன்," என்றாள் தங்கை, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "மரக்கிறதுக்கு ஊசி போட்டுட்டு, சின்னக் குழாய உள்ள விட்டு உறிஞ்சி எடுப்பாங்க. வலி தெரியாது. சாயந்தரமே வீட்டுக்கு வந்துடலாம்."

"எப்ப?"

"இன்னைக்கு."

நாகலெட்சுமி தங்கையின் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் காதில் விழுமோ என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆபரேஷனா புள்ள?"

"ஆபரேஷன்னு பெரிசா சொல்லாத. பேஸ்புக்குல எத்தன பேரு செஞ்சதப் போட்டிருக்காங்க தெரியுமா?"

தனுஜாவுக்கு இருபத்தேழு வயது. ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் வேலை. இடுப்புக்கு மேலே அவளைப் பார்த்தால் மெலிந்த பெண். இடுப்புக்குக் கீழே வேறொருத்தியின் உடம்பை ஒட்டவைத்தது போல் இருக்கும். வயதுக்கு வந்த வருஷத்திலிருந்தே தொடையும் முழங்காலும் கெண்டைக்காலும் ஒன்றாகப் பருத்துக்கொண்டே போயின. பாதம் மட்டும் சின்னஞ்சிறியதாக நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயரை தோட்டக் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள் இன்னும் மறக்கவில்லை. ஒரு வருஷம் ஒருவேளைச் சோறுதான் தின்றாள். கன்னம் ஒட்டிப்போனது, கால் அப்படியே இருந்தது. போன தை மாதம் கந்தப்பளையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு எழுந்து போனார்கள். பொண்ணுக்கு ஏதோ சீக்கு இருக்கும் போல என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அதைக் கேட்ட அன்று தனுஜா அழவில்லை. அதுதான் நாகலெட்சுமிக்குப் பயமாக இருந்தது.

அம்மா வீரம்மா செத்தபோது தனுஜாவுக்கு எட்டு வயது, நாகலெட்சுமிக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து தங்கைக்குத் தலை சீவி விட்டதும், சோறு போட்டதும், அடித்ததும் எல்லாம் இவள்தான். ஆனாலும் "வேண்டாம்" என்று அந்த ரயிலில் அவளால் சொல்ல முடியவில்லை. அந்தக் கால்களைச் சுமந்து நடப்பவள் இவள் அல்லவே.

நாகலெட்சுமியின் பயத்துக்கு வேறொரு காரணம் இருந்தது. இரண்டாவது பிரசவத்தின்போது வலியில் துடித்துக்கொண்டிருந்தவளிடம் யாரோ ஒரு காகிதத்தை நீட்டினார்கள். சிங்களத்தில் எழுதியிருந்தது. போடச் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மூன்று வருஷம் கழித்து, ஏன் இன்னும் கரு தங்கவில்லை என்று கிளினிக்கில் கேட்டபோது, இனிப் பிள்ளை பிறக்காதபடி அன்றைக்கே ஆபரேஷன் செய்தாயிற்றே என்று நர்ஸ் பழைய சீட்டைத் திருப்பிக் காட்டினாள். அவர்கள் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. டொக்டரிடம் கேள்வி கேட்பது அவள் வளர்ந்த லயத்தில் பழக்கமே இல்லை. தோட்டத்து மருந்துச்சாலையில் வெள்ளைக் கோட்டுப் போட்டவர் யாராயிருந்தாலும் டொக்டர் ஐயாதான். அவர் காயத்துக்குக் கட்டுப் போடப் படித்தவரா, கத்தி பிடிக்கப் படித்தவரா என்று யார் விசாரித்தார்கள்?

கண்டியில் அந்த இடம் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்தது. படி ஏறும்போதே தனுஜாவுக்கு மூச்சு வாங்கியது. உள்ளே குளிர்காற்றும் மல்லிகை வாசனையும். சுவர் நிறைய இடுப்பு ஒடுங்கிய பெண்களின் படங்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் தனுஜாவின் பெயரைக் கேட்டு, ஒரு காகிதத்தையும் பேனாவையும் தள்ளினாள். இங்கிலீஷில் இரண்டு பக்கம்.

நாகலெட்சுமி அந்தக் காகிதத்தின் மேல் கையை வைத்தாள். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள் அந்த வெள்ளைத் தாளில் அசிங்கமாகத் தெரிந்தன. கையை எடுத்துவிடலாமா என்று நினைத்தாள், எடுக்கவில்லை.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"எல்லா எடத்துலயும் வாங்குற கையெழுத்துதான்க்கா. கைய எடு."

அந்த நேரம் டொக்டரே வெளியே வந்தார். நாற்பது வயது இருக்கும். சிரித்த முகம், பக்கத்தில் வந்தாலே நல்ல வாசனை. சிங்களவர், ஆனால் தமிழ் பேசினார். "தங்கச்சி பயமா? ஒன்னும் இல்ல. பல்லுப் புடுங்குற மாதிரி, சின்ன வேலை."

பல்லுப் பிடுங்குகிற மாதிரி என்றதும் நாகலெட்சுமியின் பயம் இன்னும் கூடியது. அவளுடைய கணவன் கஜேந்திரனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது, மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் முதல் நாளே தனியாக வந்து, இழுப்பு இருக்கிறதா, பல் ஆடுகிறதா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டார். அது ஞாபகம் வந்தது.

"ஐயா," என்றாள். "மயக்க மருந்து குடுக்க வேற டொக்டர் வருவாங்களா?"

"இது மயக்கம் இல்ல அம்மா. மரப்பு மட்டும். அதுக்கு எதுக்கு இன்னொரு டொக்டர்?"

"ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"என்ன ஆகும்? ஒன்னும் ஆகாது." அவர் சிரிப்பு மாறாமல் உள்ளே போனார்.

தனுஜாவின் முகம் சிவந்துவிட்டது. "மானத்த வாங்காதக்கா. தோட்டத்துல இருந்து வந்திருக்கோம்னு எழுதி ஒட்டணுமா?" என்று பல்லைக் கடித்துச் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டாள். சற்று நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். போனாள். கதவு சாத்திக்கொண்டது.

நாகலெட்சுமி எழுந்து வாசலுக்குப் போய், டொக்டரின் பெயர்ப் பலகையைப் போனில் படம் பிடித்தாள். அதைத் தன் மகன் படிக்கும் பள்ளிக்கூடத்து ரோகினி டீச்சருக்கு அனுப்பினாள். ரோகினி யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். தோட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் படித்துச் சொல்கிறவர். "டீச்சர், இவரு ஆபரேஷன் பண்ற டொக்டரான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறதுங்க? தங்கச்சிய உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க," என்று குரலில் பதிந்து அனுப்பினாள். மணி பத்தேகால். பத்தரைக்குத்தான் பள்ளிக்கூட இடைவேளை. அதுவரை டீச்சர் போனைத் தொடமாட்டார்.

பதினைந்து நிமிஷம். நாகலெட்சுமி அந்த மூடிய கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே ஏதோ பாத்திரம் தட்டுப்படும் சத்தம் கேட்டது.

அப்போது படியேறி ஒரு பெண் வந்தாள். நாகலெட்சுமியின் வயதுதான் இருக்கும், சிங்களப் பெண். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தவள், நாற்காலியில் உட்காராமல் விழுந்தாள். உதடு வெளுத்து வெடித்திருந்தது. சட்டைக்கு மேலே வயிற்றுப் பக்கம் மஞ்சளாக ஈரம்.

"டொக்டர் போனை எடுக்கவே இல்லை," என்று மேசைப் பெண்ணிடம் சிங்களத்தில் சொன்னாள். "செய்து இன்றைக்கு நாலாவது நாள். ராத்திரி முழுக்க நடுக்கம்."

"அப்படித்தான் இருக்கும். பனடோல் மாத்திரை போடுங்கள். டொக்டர் இப்போது ஒரு கேசில் இருக்கிறார்."

நாகலெட்சுமி எழுந்து போய் அந்தப் பெண்ணின் கையைத் தொட்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி போலச் சுட்டது. விரல் நுனிகள் மட்டும் சில்லிட்டிருந்தன. தனக்குப் பேச மட்டும் தெரிந்த சிங்களத்தில் பெயர் கேட்டாள். திலினி என்றாள். அதற்கு மேல் பேச அவளுக்குச் சக்தி இல்லை; நாகலெட்சுமியின் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மூச்சு வேகவேகமாக, மேலோட்டமாக வந்துகொண்டிருந்தது. அவளிடமிருந்து வந்த நாற்றத்தை அந்த மல்லிகை வாசனையால் மறைக்க முடியவில்லை.

போன் அதிர்ந்தது.

"அக்கா, ரோகினி கதைக்கிறன். நீங்கள் அனுப்பின பேரை மருத்துவ சபையின்ர பதிவில தேடிப் பாத்தனான். அவர் டொக்டர்தான். அதில பொய்யில்லை."

நாகலெட்சுமிக்கு மூச்சு வந்தது.

"ஆனா அக்கா, நிபுணர்மாருக்கு வேற பதிவு இருக்கு. அதிலயும் பாத்தன். சத்திரசிகிச்சை நிபுணர் எண்டு அவற்ற பேர் ஒரு இடத்திலயும் இல்லை. காய்ச்சல், இருமலுக்கு மருந்து குடுக்கிற டொக்டர் மாதிரித்தான் கிடக்கு."

"அப்ப பண்ணக் கூடாதுங்களா டீச்சர்?"

"அதை எனக்குச் சொல்லத் தெரியாது அக்கா. இந்த வேலையை எங்க பழகினவர், எவ்வளவு காலம் பழகினவர் எண்டு அவரிட்டயே கேளுங்கோ. கேட்டாக் குறையில்லை."

கள்ள டொக்டர் என்று டீச்சர் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சத்தம் போட்டிருப்பாள். இவர் டொக்டர், ஆனால் இந்த வேலைக்கு டொக்டர் இல்லை. இதை எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது? தன்னைவிடப் படித்தவர்களுக்கு முன்னால், அவர்களுடைய இடத்தில் நின்றுகொண்டு? திலினியின் தலையை மெதுவாகச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்தக் கதவைத் தள்ளினாள். மேசைப் பெண் கூப்பிடக் கூப்பிட உள்ளே போனாள்.

சின்ன அறை. கட்டிலில் தனுஜா படுத்திருந்தாள். தொடை இரண்டிலும் நீலப் பேனாவால் வட்டம் வட்டமாகக் கோடுகள். கம்பியில் பெரிய உப்புத்தண்ணீர்ப் பை தொங்கியது. அதற்குள் ஊசியால் ஏதோ மருந்தைக் கலந்துகொண்டிருந்தார் டொக்டர். பக்கத்தில் உதவிக்கு ஒரு சின்னப் பெண். மூச்சுக்கு வைக்கும் ஒட்சிசன் சிலிண்டர் என்று ஒன்றும் கண்ணில் படவில்லை.

"அம்மா, இங்க வரக் கூடாது."

"ஐயா, நீங்க ஆபரேஷன் பண்ணப் படிச்ச டொக்டருங்களா?"

"நான் டொக்டர் அம்மா."

"அது தெரியுமுங்க. நீங்க என்ன டொக்டர்? இந்த வேலைய எங்க படிச்சீங்க?"

"அக்கா," என்றாள் தனுஜா. குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

"வெளிநாட்டுல கோர்ஸ் செஞ்சிருக்கேன்," என்றார் அவர். "நீங்க வெளியில இருங்க. இப்படிப் பேசினா தங்கச்சிக்குப் பிரஷர் ஏறும்."

"வெளியில ஒரு அம்மா காய்ச்சல்ல கொதிக்கிறாங்க. நீங்க செஞ்சு நாலு நாளாச்சாம். வயித்துல இருந்து சீழு வடியுது. அவங்கள யாருங்க பாப்பாங்க?"

டொக்டரின் சிரிப்பு அப்போதுதான் போனது. உதவிக்கு நின்ற பெண் தரையைப் பார்த்தாள். கட்டிலிலிருந்து தனுஜாதான் கேட்டாள், மெல்லிய குரலில்:

"எத்தன நாள் கோர்ஸ் சார்?"

டொக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். "பயம்னா வேணாம். நான் யாரையும் கட்டாயப்படுத்துறதில்ல," என்றார்.

தனுஜா எழுந்து உட்கார்ந்தாள். கால்களைக் கீழே தொங்கப்போட்டு, அந்தக் கோடுகளைக் குனிந்து பார்த்தாள். பிறகு, "என் பாவாடைய எடு," என்றாள்.

அக்காவும் தங்கையும் திலினியை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து மூன்று மாடி இறக்கினார்கள். த்ரீவீல் ஆட்டோவில் திலினியின் தலை தனுஜாவின் மடியில் கிடந்தது. வழியெல்லாம் அவள் ஏதேதோ பிதற்றிக்கொண்டு வந்தாள். நடுவில் ஒருமுறை பேச்சு நின்றபோது தனுஜா பயந்துபோய் அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பினாள். பெரியாஸ்பத்திரியில் பார்த்த மாத்திரத்தில் தள்ளுவண்டியில் ஏற்றி ஓடினார்கள். எங்கே செய்தது, யார் செய்தது என்று ஒரு இளம் டொக்டர் கேட்டு எழுதிக்கொண்டார். தனுஜாதான் சொன்னாள், பெயரை எழுத்துக் கூட்டி.

திலினி பிழைத்தாள். வயிற்றைத் திறந்து அழுகியதை வெட்டி எடுத்து, ஒரு மாதம் வார்ட்டில் கிடந்தாள் என்று பிறகு அவளுடைய அண்ணன் போன் செய்து சொன்னான். அவன்தான் பொலிசுக்கும் போனான். ஆனால் அன்று திரும்பும் ரயிலில் அது எதுவும் இவர்களுக்குத் தெரியாது. ஹட்டனில் கூட்டம் இறங்கிய பிறகு தனுஜா சொன்னாள்:

"எங்காலு இன்னும் அப்படியேதான்க்கா இருக்கு."

"ஆமா," என்றாள் நாகலெட்சுமி. வேறென்ன சொல்ல?

அடுத்த நான்கு மாதமும் தேடல் ரோகினி டீச்சருடையது. நிபுணர் பதிவில் பிளாஸ்டிக் சேர்ஜரி என்று இருந்த பெயர்களைப் பார்த்து, அதில் ஒருவர் நடத்தும் அரசாங்க கிளினிக்குக்கு நாள் எடுத்துக் கொடுத்தார். கனகாம்பிகை என்று பெயர். ஐம்பது வயது தாண்டியவர். சிரிப்பே கிடையாது. விடியற்காலையில் போய் வரிசையில் நின்ற இரண்டு பேரையும் உட்காரக்கூடச் சொல்லாமல், தனுஜாவின் காலைப் பிடித்து அங்கங்கே அமுக்கினார். அமுக்கிய இடமெல்லாம் அவள் துடித்தாள்.

"சும்மா தட்டுப்பட்டாலே நீலமாக் கண்டிப்போகுமோ? பாதம் மட்டும் வீங்கிறேல்லையோ? தாய்க்கும் இப்பிடிக் காலோ?"

"ஆமாங்க," என்றாள் நாகலெட்சுமி. மலையேற முடியாமல் அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று போனது கண்ணில் வந்தது. "அம்மாவுக்கும் இதே காலுதாங்க."

"இது சாப்பாட்டால வந்த கொழுப்பில்லை. லிப்பிடீமா எண்டு ஒரு வருத்தம், பரம்பரையா வாற நோய். பட்டினி கிடந்தாலும் குறையாது."

தனுஜா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பதினைந்து வருஷமாக யாரும் அவளிடம் இதைச் சொன்னதில்லை. டொக்டர் அவள் அழுது முடியும்வரை எழுதிக்கொண்டிருந்தார். பிறகு, இந்தச் சிகிச்சையில் என்னென்ன ஆகலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். இரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். கிருமி பிடிக்கலாம். மரப்பு மருந்து அளவு மீறினால் இருதயம் நிற்கலாம். தோல் மேடு பள்ளமாகலாம். திரும்பவும் வரலாம்.

"வடிவா, அழகா வரும் எண்டு நான் சொல்ல மாட்டன். நோவு குறையும், நடக்கச் சுகமாயிருக்கும். அவ்வளவுதான்."

முதல் டொக்டர் ஒன்றும் ஆகாது என்றார். இவர் சாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நாகலெட்சுமிக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் ரோகினி டீச்சர் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பையிலிருந்து எடுத்தாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. சிலது கேக்கணும்."

"கேளுங்கோ."

கேட்டாள். எங்கே படித்தவர், இந்த வேலையை எத்தனை வருஷமாகச் செய்கிறவர், மயக்க மருந்துக்கு யார், எந்த இடத்தில் வைத்து, ராத்திரி ஏதும் ஆனால் யார் வருவார்கள். கனகாம்பிகை கடிகாரத்தைப் பார்க்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மயக்க டொக்டர் முதல் நாளே வந்து பார்ப்பார். ஆஸ்பத்திரித் தியேட்டரில்தான் நடக்கும். தீவிர சிகிச்சை வார்ட் அதே மாடியில் இருக்கிறது. "ராத்திரியில முதல்ல டியூட்டி டொக்டர் வருவார். தேவையெண்டா நான் வருவன்." கையெழுத்து வாங்கும் தாளைத் தமிழில் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வரச் சொன்னார். உடனே செய்யவும் இல்லை. ஆறு மாதம் இறுக்கமான காலுறை போட்டு, நடந்து பார்க்க வேண்டும், அதிலும் நோவு குறையாவிட்டால்தான் கத்தி என்றார்.

நோவு குறையவில்லை.

ஆபரேஷன் அன்று காலை எட்டரைக்குத் தனுஜாவை உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டு மணி நேரம் என்றிருந்தார்கள். பதினொன்று ஆனது. பதினொன்றரை ஆனது. தியேட்டர் கதவு திறக்கும்போதெல்லாம் நாகலெட்சுமி எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். ஒரு நர்ஸ் கையில் இரத்தப் பையுடன் வேகமாக உள்ளே போனாள். யாருக்கு என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கதவு மூடிக்கொண்டது. எல்லாம் விசாரித்தோமே, எல்லாம் சரியாகத்தானே பார்த்தோம் என்று மனம் திரும்பத் திரும்பச் சொல்லியது. சரியாகப் பார்த்தாலும் ஆள் சாகலாம் என்று இன்னொரு மனம் சொல்லியது. செத்துப்போன அம்மாவிடம் என்ன சொல்வது என்று நினைத்தாள். குலசாமியின் பெயர்கூட நாக்கில் வரவில்லை.

பன்னிரண்டுக்குக் கனகாம்பிகை வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றினார். நெற்றியில் தொப்பியின் தடம்.

"முடிஞ்சுது. இருக்கிறா. நடுவில பிரஷர் இறங்கினது. மயக்க டொக்டர் உடன நிப்பாட்டச் சொன்னவர். சரியாக்கிப் போட்டுத்தான் திரும்பத் தொடங்கினனாங்கள். அதால நான் நினைச்ச அளவு எடுக்கேல்லை. மிச்சம் பிறகு."

கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அறையில், பிரஷர் இறங்கியதை யார் பார்த்திருப்பார்கள்? நாகலெட்சுமி கும்பிடக் கையைத் தூக்கினாள். அதற்குள் டொக்டர் அடுத்த ஆளுக்காக உள்ளே திரும்பியிருந்தார்.

மத்தியானம் வார்ட்டில் தனுஜா கண் விழித்தாள். கால் இரண்டும் இடுப்புவரைக்கும் இறுக்கக் கட்டப்பட்டு, பாதம் மட்டும் வெளியே தெரிந்தது.

"குளிருதுக்கா," என்றாள். பற்கள் கிடுகிடுத்தன. நாகலெட்சுமி இன்னொரு கம்பளியைப் போர்த்தினாள்.

"எவ்வளவு எடுத்தாங்க?"

"கொஞ்சந்தான் புள்ள."

"இன்னொரு தடவ வரணுமா?"

"வரணுமாம்."

"வருவோம்," என்று சொல்லிவிட்டுத் தனுஜா மறுபடி தூங்கிப் போனாள்.

நர்ஸ் வந்து கட்டைச் சரிபார்த்தாள். "விரல் நீலமானா, இல்ல மூச்சு விடக் கஷ்டம்னு சொன்னா, உடனே என்னைக் கூப்பிடுங்க. யோசிக்காதீங்க," என்று நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள்.

நாகலெட்சுமி நாற்காலியைக் கட்டிலின் கால்மாட்டுக்கு இழுத்துப் போட்டாள். பத்து விரலும் இளஞ்சிவப்பாகத்தான் இருந்தன. பெருவிரலை மெல்ல அமுக்கினாள். வெளுத்தது, பிறகு சிவந்தது. கஜேந்திரன் போனில் கூப்பிட்டபோதும் பார்வையை எடுக்காமலே பேசினாள். சாயங்காலம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.